தொலைபேசிப் பணி

ஜூன் 3, திங்கள்

எனக்கு ஞாபக மறதி வந்துவிட்டது என்று மாதா கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. நேற்றுப் பூசை முடிந்ததும் பாடகர் குழுவில் இருக்கும் ஒரு பெண்ணை அவளுடைய தாயின் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மறந்து கூப்பிடவில்லை. தாயைப் போலவே சுருதி சேராமல் பாடுகிறாள், அதனால் கூப்பிட்டேன். அதைப் புரிந்துகொள்ள அங்கே ஒருவருக்கும் மூளை இல்லை. பக்கத்து வீட்டு அமலி டீச்சர் என் தோளைத் தொட்டு, "பரவால்லக்கா, வயசானா எல்லாருக்கும் வாரதுதான்" என்றாள். என் தோளை யாரும் தொடுவது எனக்குப் பிடிக்காது.

ஆகவே இந்தப் புது நோட்டு. மலையில் கான்வென்டில் படித்த பதினோரு வருடமும் மதர் ஒத்திலியா எங்களைத் தினமும் எழுத வைத்தார். தேதி, நேரம், நடந்தது. "நீ என்ன நினைத்தாய் என்பது கடவுளுக்குத் தெரியும், எழுத வேண்டாம்" என்பார். அப்படியே எழுதுகிறேன். எழுபத்தாறு வயதில் யாருக்கு மறதி என்று பிறகு பார்க்கலாம்.

காலை 7.40: பெண் வந்தாள். ஆயுதப்படைக் காவலர், எண் 1127. பெயர் முத்துப்பேச்சி. நான் 'பெண்ணே' என்றுதான் கூப்பிடுவேன்.

இவளைப் பற்றியும் ஊரில் தவறாகச் சொல்கிறார்கள். இவள் வேலைக்காரி அல்ல. என் கணவர் சவரிமுத்து இந்த மாவட்டத்தில் ஏ.டி.எஸ்.பி.யாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடத்துக்கு முன் இறந்தார். அவரிடம் வேலை கற்ற வேலாயுதம் இப்போது ஆயுதப்படை டி.எஸ்.பி. நன்றியுள்ளவர். அவர் ஒரு பெண் காவலரை என் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார். இவள் வந்து மூன்று வருடம் ஆகிறது. பதிவேட்டில் 'முகாம் அலுவலகம், தொலைபேசிப் பணி' என்று இருக்கிறது. அதன்படி காலை எட்டு மணிக்கு என் வீட்டுத் தொலைபேசியிலிருந்து ஆயுதப்படை அலுவலக ரைட்டரைக் கூப்பிட்டு, "1127 கேம்ப்ல இருக்கேன்யா" என்று சொல்வாள். பிறகு யூனிபாரத்தை மாற்றிக்கொண்டு மீன் கழுவுவாள்.

இன்று சாளை. செதில் சரியாக எடுக்கவில்லை. மறுபடி கழுவச் சொன்னேன்.

ஜூன் 5, புதன்

தலையணை உறை நான்கு. இரண்டில் மடிப்பு கோணல். தண்ணீரில் நனைத்துத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி தேய்த்தாள். முகத்தில் எதுவும் காட்டவில்லை. அது ஒன்று அவளிடம் நல்ல குணம்.

அரிசிப் பீப்பாய் மூடியின் உள்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தாள். சிறு எழுத்தில் எண்கள். என்ன என்று கேட்டேன்.

"புதுச் சட்டம்மா. ஜூலை ஒண்ணாந் தேதில இருந்து வருது. எல்லா நம்பரும் மாறுது. கொலைக்கு முன்ன 302, இப்ப 103. திருட்டுக்கு 303. எஸ்.ஐ. பரீச்சைக்கு இதான் கேப்பாங்க. அரிசி களையும்போது பாத்துக்கிடுவேன்."

"எண் மாறினால் திருடன் மாறிவிடுவானா?"

"திருடன் மாறமாட்டான்மா. நாங்கதான் மாறணும்" என்று சிரித்தாள்.

சமையலறையில் சிரிப்பது எனக்குப் பிடிக்காது. தாளைக் கிழிக்கச் சொல்ல நினைத்தேன். எழுத்து சுத்தமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

புதிதாக வந்திருக்கும் எஸ்.பி. ஒரு பெண். பணியாளர் மேம்பாடு, நியாயமான பணிப் பகிர்வு என்று ஏதோ ஆரம்பித்திருக்கிறாராம். காவலர் ஒவ்வொருவரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெண் அதைச் சமையல் மேடையில் வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்தபடி நின்றாள்.

"அம்மா, 'கடந்த மூன்று ஆண்டுகளில் தாங்கள் செய்த பணிகள்'னு கேக்காங்க. என்னன்னு எழுத?"

"தொலைபேசிப் பணி என்று எழுது."

"ஒரு நாளைக்கு ஒரு போன்ம்மா. அதுக்கு இம்புட்டு எடம் விட்டிருக்காங்க."

"அடுத்த கேள்வி என்ன?"

"'இப்பணியில் தாங்கள் கற்றுக்கொண்டவை.'"

நான் சொன்னேன்: "நேரந்தவறாமை, சுத்தம், கீழ்ப்படிதல்." எழுதினாள். பிறகு, "சாளைக்குச் செதில் எடுக்கவும்னு சேத்துக்கிடவாம்மா?" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு படிவத்தை மடித்தாள்.

பத்து வருடம் ஆயுதப்படையில் இருந்தும் இவள் ஒரு வழக்கு எழுதியதில்லை. ஒரு ஆளைப் பிடித்ததில்லை. இவள் எஸ்.ஐ. ஆக வேண்டுமாம்.

ஜூன் 14, வெள்ளி

குதிகால் புண்ணுக்குக் கட்டு மாற்றினாள். சர்க்கரைப் புண் ஆறாது என்று டாக்டர் சொன்னார். இவள் கை பட்டால் வலி குறைவு. மருந்து நல்ல மருந்து.

கட்டிக்கொண்டே சொன்னாள்: "இந்தத் தடவை பட்டியல்ல எம் பேரு வந்துரும்மா. முத எழுத்துப் பரீச்சையில நல்ல மார்க்கு. இனி மூணு வாரப் பயிற்சி, கடைசியில புதுச் சட்டத்துல ஒரு பரீச்சை, அதை முடிச்சா ஆர்டர்தான். அடுத்த வருசம்னா எனக்கு வயசு தாண்டிரும். இதான் கடைசி."

"போய்விட்டால் இந்தக் கட்டை யார் போடுவது?"

"டி.எஸ்.பி. ஐயா வேற ஆள் அனுப்புவாங்கம்மா. நான் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்."

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறாள். கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று அவிழ்த்து மறுபடி போடச் சொன்னேன். இறுக்கமாக இல்லை.

ஜூன் 19, புதன்

காலை 11.20: தொலைபேசி அடித்தது. பெண் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். ஆயுதப்படை ரைட்டர். "அம்மா, 1127-க்கு ஒரு செய்தி. பயிற்சிப் பட்டியல்ல பேரு வந்திருக்கு. 24-ஆந் தேதி காலை ஆறு மணிக்கு ஆயுதப்படை மைதானத்துல ரிப்போர்ட் பண்ணணும். வராட்டி பேரை எடுத்துருவாங்க. சொல்லிருங்கம்மா."

சொல்கிறேன் என்றேன். துண்டுத் தாளில் தேதி, நேரம், செய்தி எல்லாம் முறையாக எழுதினேன். தாளைச் செபப் புத்தகத்தில் வைத்தேன்.

மாலை 4.00: பெண் போனாள்.

ஜூன் 20, வியாழன்

சொல்லவில்லை. சரியான நேரம் அமையவில்லை.

ஜூன் 22, சனி

ரசத்தில் மிளகு தூக்கல். சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

ஜூன் 24, திங்கள். புனித அருளப்பர் திருநாள்

காலை 7.40: பெண் வந்தாள். எட்டு மணிக்கு ரைட்டரைக் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை, எல்லாரும் மைதானத்தில் இருந்திருப்பார்கள்.

திருநாள் என்பதால் சீலா மீன். அவளுக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்தேன். பின்வாசல் குழாயடியில் அவளுடைய தட்டும் தம்ளரும் இருக்கும். அங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். "இன்னைக்கு என்னம்மா விசேசம், எனக்கும் மீனு?" என்றாள். திருநாள் என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

காலை 8.05: மூன்று நாளாக அங்கே வேறு யாரோ தொலைபேசியை எடுத்தார்கள். இன்று ரைட்டரே எடுத்து அவளிடம் ஏதோ சொன்னார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நடு ஹாலில், யூனிபாரத்தோடு. இந்த வீட்டில் அவள் ஹாலில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"அம்மா, போன வாரம் புதன்கிழமையே போன் பண்ணிச் சொன்னாங்களாம். நீங்க எடுத்தீங்களாம்."

"யார் சொன்னது?"

"ரைட்டர் ஐயா."

"அவர் பேசுவது ஒன்றும் புரிவதில்லை. வாயில் வெற்றிலை."

"அம்மா, சத்தியமா கேக்கேன். போன் வந்துச்சா?"

"ஒரு நாளைக்கு எத்தனையோ போன் வருகிறது. எழுந்திரு. யூனிபாரம் அழுக்காகிறது."

ஒரு நாளைக்கு ஒரு போன்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதுவும் சில நாள் வராது. எழுந்தாள். உடை மாற்றாமல் மைதானத்துக்கு ஓடினாள். மதியம் திரும்பி வந்தாள். நான்கு நாள் வகுப்பு தவறிவிட்டது, இனிச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். பாத்திரம் கழுவினாள். தண்ணீர் நிறைய விரயம்.

ஜூலை 2, செவ்வாய்

அவளுக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். பயிற்சிக்கு வராததற்கு மட்டும் இல்லை. அவள் கொடுத்த பதிலில், 'நான் முகாம் அலுவலகத்தில் இருந்தேன், செய்தி எனக்கு வரவில்லை' என்று உண்மையை எழுதிவிட்டாள். எஸ்.பி. அலுவலகத்தில் பழைய கோப்பை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். என் கணவர் ஓய்வு பெற்ற அன்றே இங்கே வீட்டில் அவர் நடத்திய முகாம் அலுவலகம் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு எந்த ஆணையும் கோப்பில் இல்லை. இல்லாத அலுவலகத்தில் எப்படி வேலை பார்த்தாய், மூன்று வருடம் எங்கே இருந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள்.

"எங்க இருந்தேன்னு நான் சொன்னா நம்பமாட்டாங்கம்மா" என்றாள். "நீங்க சொன்னா நம்புவாங்க."

பார்க்கலாம் என்றேன். கீரை ஆய்ந்தாள். மண் இருந்தது.

ஜூலை 4, வியாழன்

காலை 7.40: பெண் வந்தாள்.

காலை 10.30: டி.எஸ்.பி. வேலாயுதம் வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். என் கணவர் படத்தைப் பார்த்து ஒரு சல்யூட். அதெல்லாம் ஒழுங்காகச் செய்வார்.

"அம்மா, ஒண்ணுமில்ல. ஒரு சின்னக் கையெழுத்து. இந்தப் புது எஸ்.பி. ஆர்டர்லி முறையைத் தோண்டுதாங்க. காவலர் யாரையாவது வீட்டு வேலைக்கு வச்சிருந்தா தொலைஞ்சோம். எம் பேரு போகட்டும், நம்ம ஐயா பேரு கெடக்கூடாதுல்லா?"

"என்ன எழுத வேண்டும்?"

"இங்க யாரும் வேலை செய்யலைன்னு. அவ்வளவுதான்."

அவர் தட்டச்சு செய்து கொண்டுவந்த தாள் அலங்கோலமாக இருந்தது. ஓரம் விடவில்லை. மை கசிந்திருந்தது. அப்படி ஒரு தாளில் என் பெயரைப் போடமாட்டேன் என்றேன். என் லெட்டர்பேடை எடுத்து நானே எழுதினேன்: 'என் வீட்டில் காவல்துறையைச் சேர்ந்த எவரும் எக்காலத்திலும் வீட்டுப் பணி செய்ததில்லை. 1127 எண் காவலரை எனக்குத் தெரியாது.' கடைசி வரி அவர் கேட்காதது. வாக்குமூலம் என்றால் முழுமையாக இருக்க வேண்டும் என்று சேர்த்தேன்.

நான் எழுதிக்கொண்டிருந்தபோது பெண் டி.எஸ்.பி.க்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். என்ன தாள் என்று அவளுக்குத் தெரியாது. விறைப்பாக நின்று, "ஐயா, என் மெமோ விசயமா..." என்று ஆரம்பித்தாள். அவர் காப்பியை மட்டும் பார்த்தார். "சர்க்கரை கம்மி" என்றார். அவள் போய் எடுத்து வந்தாள்.

கையெழுத்துப் போட்டேன். 10.55.

கான்வென்ட் எழுத்து என்றால் எழுத்துதான் என்று டி.எஸ்.பி. சொல்லிவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 5, வெள்ளி

பெண் வரவில்லை. மைதானத்தில் இருக்கச் சொல்லிவிட்டார்களாம்.

ஜூலை 8, திங்கள்

டி.எஸ்.பி. சொன்னபடி வேறு ஒரு பெண் வந்தாள். சாதாரண உடையில், பின்வாசல் வழியாக. இனி யாரும் பார்க்கக்கூடாதாம். கட்டுப் போடும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டாள். நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

வரவில்லை. நான்தானே சொன்னேன்.

ஜூலை 11, வியாழன்

மாலை 5.10: முத்துப்பேச்சி வந்தாள். முன்வாசல் வழியாக. சேலை கட்டியிருந்தாள். அவளைச் சேலையில் பார்த்ததில்லை. வேறு யாரோ என்று நினைத்து, "யார் வேண்டும்?" என்று கேட்டுவிட்டேன்.

"தெரியலையாம்மா? தெரியாதுன்னுதானே எழுதிக் குடுத்திருக்கீங்க."

விசாரணைக் கோப்பில் என் தாளைக் காட்டியிருக்கிறார்கள்.

"உக்காரச் சொல்லமாட்டீங்க. நின்னே சொல்லுதேன். மூணு வருசம் பணிக்கு வராம சம்பளம் வாங்கினேன்னு எழுதிருக்காங்க. வேலைய விட்டே தூக்கலாம்மா. ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் இங்க இருந்தேன்னு. என்ன செஞ்சேன்னு எழுத வேண்டாம். மீன் கழுவுனேன்னு, கால்ல கட்டுப் போட்டேன்னு ஒண்ணும் எழுத வேண்டாம். இருந்தேன்னு மட்டும்."

"எழுதிக் கொடுத்ததை மாற்றி எழுதும் பழக்கம் எனக்கு இல்லை."

"போன் வந்துச்சுல்லாம்மா?"

செபப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஏம்மா சொல்லல? நான் போயிருவேன்னா? நான் ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வந்து கட்டுப் போட்டிருப்பேனே. கேட்டிருந்தா வந்திருப்பேனே."

அதற்கு நான் சொன்னது: "தலையணை உறையை ஒழுங்காகத் தேய்க்கத் தெரியாதவள் ஒரு ஸ்டேஷனை நடத்தப் போகிறாளாம்."

சொன்னேன். நடந்ததை எழுத வேண்டும், எழுதுகிறேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். "கட்டு நனைஞ்சிருக்கு. மாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை 13, சனி

கட்டு மாற்றினேன். குனிய முடியவில்லை. பாதியில் விட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

காலில் வாடை. ஜன்னல்களைத் திறந்து வைத்தேன்.

காலை எட்டு மணிக்குத் தொலைபேசி அருகில் உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை இல்லாததால்.

ஜூலை 19, வெள்ளி

பதிவுத் தபால். விசாரணை அதிகாரியிடமிருந்து. முத்துப்பேச்சி என்னை நேரில் விசாரிக்க வேண்டும் என்று மனு கொடுத்தாளாம். அதை நிராகரித்து எனக்கும் ஒரு நகல்: 'திருமதி கொர்னேலியா சவரிமுத்து முதுமையாலும் ஞாபக மறதியாலும் விசாரணைக்கு உகந்த நிலையில் இல்லை என ஆயுதப்படை டி.எஸ்.பி. அறிக்கை அளித்துள்ளார். அண்டை வீட்டாரும் அதை உறுதி செய்துள்ளனர். எனவே அவர் ஏற்கெனவே அளித்த வாக்குமூலமே போதுமானது.'

மறதி உள்ளவள் எழுதிக் கொடுத்த தாள் மட்டும் போதுமானதாம்.

டி.எஸ்.பி.யை அவர் வீட்டு எண்ணில் கூப்பிட்டேன். "உங்களை அலைய வைக்கக்கூடாதுன்னுதாம்மா" என்றார். "கோர்ட்டு கச்சேரின்னு உங்களுக்கெதுக்கு? மறதின்னு சொல்லிட்டா யாரும் உங்களைக் கேக்கமாட்டாங்க."

அமலி டீச்சரின் வீட்டு வாசலில் நின்று, அவளும் தெருவும் கேட்கும்படி, அவளுடைய மூன்று பிள்ளைகள் பிறந்த தேதியைச் சொன்னேன். அவள் கணவர் இன்னொரு வீட்டுக்குப் போக ஆரம்பித்த வருடத்தையும் சொன்னேன். அவள் அழுதாள். எனக்கு மறதி இல்லை.

ஜூலை 22, திங்கள்

ஆட்டோ பிடித்து எஸ்.பி. அலுவலகம் போனேன். வெளிர் நீலப் புடவை, என் கணவருடைய கைக்கடிகாரம், இந்த நோட்டு.

வராந்தா பெஞ்சில் முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் இன்றுதான் அழைப்பு. நான் அருகில் போனதும் எழுந்திருப்பாள் என்று நினைத்தேன். எழவில்லை. மூன்று வருடத்தில் நான் நிற்க அவள் உட்கார்ந்திருந்தது இதுவே முதல் முறை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். நான் உட்காரவில்லை.

எஸ்.பி.க்கு நாற்பது வயதிருக்கும். எழுந்து கைகூப்பினார். பத்து நிமிடம் கொடுத்தார். என் வாக்குமூலத்தை மேசையில் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"முழுவதும் என் எழுத்து."

"இப்ப என்ன சொல்ல வந்திருக்கீங்க?"

"அதில் இருப்பது பொய். முத்துப்பேச்சி மூன்று வருடம் என் வீட்டில் இருந்தாள்."

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இதை எழுதச் சொல்லி யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா? பயப்படாம சொல்லுங்க. டி.எஸ்.பி.யா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதைத்தான் எதிர்பார்த்தார். நான் சொன்னேன்: "என்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அவர் கொண்டுவந்த தாளை ஒதுக்கிவிட்டு நானே எழுதினேன்."

அவர் முகம் மாறியது. பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"சரி. பயிற்சிச் செய்தி உங்ககிட்ட போன்ல வந்ததா அந்தப் பொண்ணு சொல்றாங்க. நீங்க மறந்திருக்கலாம். தப்பில்லம்மா, யாருக்கும் வரலாம். மறந்துட்டேன்னு நீங்க சொன்னா, பயிற்சிக்கு வராதது அவங்க தப்பில்லன்னு நான் எழுதிருவேன். பட்டியல்ல பேரை வைக்க முடியும்."

கதவு திறந்தே இருந்தது. வெளியே பெஞ்சில் அவள் முதுகு தெரிந்தது. கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் எதையும் மறப்பதில்லை" என்றேன்.

"அப்ப செய்தி வரவே இல்லையா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் கடிகாரம் இருந்தது. 11.42. அது 11.43 ஆகும்வரை அவர் காத்திருந்தார். நோட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வீட்ல உக்காந்து எழுதின நோட்டும்மா. எப்ப வேணா எழுதலாம். உங்க கையால எழுதின ரெண்டு, ஒண்ணுக்கொண்ணு எதிர். ரெண்டையும் நான் நம்ப முடியாது. கோப்புல முதல்ல வந்தது இது" என்று அந்தத் தாளைத் தொட்டார்.

வெளியே வந்தேன். முத்துப்பேச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் உரிந்த கைகள். சோடா மாவு ஒத்துக்கொள்ளாத கை. எனக்கு அது தெரியும், அதைத்தான் வாங்கி வைப்பேன், பாத்திரம் பளிச்சென்று வரும்.

ஜூலை 27, சனி

சோறு குழைந்துவிட்டது. அப்படியே சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மாலை 6.00: டி.எஸ்.பி. தொலைபேசியில். குரலில் சிரிப்பு.

"அம்மா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது. வேலைய விட்டுத் தூக்கல. பாவம்னு எஸ்.பி. விட்டுட்டாங்க. மூணு இன்கிரிமென்ட் கட். எஸ்.ஐ. பட்டியல்ல இருந்து பேரை எடுத்தாச்சு. ஒரே மாசம் அப்பீலுக்கு டைம், அவளுக்கு ஆதாரம் ஏது? தூரத்து ஸ்டேஷன்ல வாசக் காவலுக்கு, பாரா டியூட்டி போட்டிருக்கு. நீங்க இனி எல்லாத்தையும் மறந்துருங்க."

"நான் மறப்பதில்லை, வேலாயுதம்."

"சும்மா சொன்னேம்மா" என்று சிரித்தார்.

அரிசி எடுக்கப் பீப்பாயைத் திறந்தேன். தாள் அங்கேயே இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூடியைப் பிடித்தபடி முழுவதும் படித்தேன். நாற்பத்தோரு எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அவள் எழுத்தில் ஒரு வரி. இருபத்தாறாவது வரியை மறுபடி படித்தேன். அரிசி போடவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு.

அம்மையீர், நீங்கள் வாங்காத நோட்டு இது. இந்தப் பக்கத்தைக் கடைசிப் பக்கமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நகல் வைத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 19, காலை 11.20-க்குச் செய்தி வந்தது. வாங்கினேன். எழுதி வைத்தேன். சொல்லவில்லை. மறந்ததால் அல்ல. அவள் போய்விடக் கூடாது என்பதால். அன்று நான் எழுதிய துண்டுத் தாள் செபப் புத்தகத்திலிருந்து எடுத்து இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

ஜூலை 4 அன்று நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். அந்தப் பொய் எழுதப்பட்ட மேசைக்குக் காப்பி கொண்டுவந்தவள் முத்துப்பேச்சி. சர்க்கரை கேட்டவர் உங்கள் டி.எஸ்.பி. அவரைக் கேளுங்கள். ஆனால் அவர் என்னைக் கட்டாயப்படுத்தினார் என்று எழுதாதீர்கள். அது உண்மையல்ல.

நோட்டு எப்போது வேண்டுமானாலும் எழுதியதாக இருக்கலாம் என்றீர்கள். நியாயம். தொலைபேசி அலுவலகத்தைக் கேளுங்கள். மூன்று வருடமாக என் வீட்டு எண்ணிலிருந்து காலை எட்டு மணிக்கு ஆயுதப்படை அலுவலகத்துக்கு ஓர் அழைப்பு போயிருக்கும். ஜூலை 5-ஆம் தேதியிலிருந்து போயிருக்காது. அந்த அலுவலகத்தோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை.

என்னுடைய இரண்டு எழுத்துகளில் எது பொய் என்று நீங்கள் முடிவு செய்ய முடியவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. புதுச் சட்டம், பிரிவு 217. மற்றொருவருக்குத் தீங்கு வரும்படி அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் கொடுப்பது. என் அரிசிப் பீப்பாய் மூடியில் முத்துப்பேச்சி ஒட்டி வைத்த தாளில் இருபத்தாறாவது வரி. என் மேல் அந்தப் பிரிவில் வழக்குப் போடுங்கள். ஜூலை 4 அன்று நான் கொடுத்த தாள் பொய் என்று ஒரு நீதிமன்றம் சொன்னால் உங்கள் கோப்பில் அது நிற்காது. நான் குற்றத்தை ஒப்புக்கொள்வேன். எனக்கு வயதாகிவிட்டது, மறதி, இரக்கம் காட்டுங்கள் என்று என் சார்பில் யாரும் பேசக் கூடாது.

அவளை மறுபடி என் வீட்டுக்கு அனுப்பும்படி நான் கேட்கவில்லை. அவள் இஸ்திரி சுமார். ரசம் சுமார். அது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது. மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட 7.40 தாண்டியதில்லை. இதை அவளுடைய பணிப் பதிவேட்டில் சேர்க்க முடியுமானால் சேர்க்கவும். என் வீட்டில் அவளுக்கு மேலதிகாரி என்று யாரும் இல்லாததால் வேறு எவரும் இதைச் சொல்லப் போவதில்லை.

அப்பீலுக்கு ஒரு மாதம் என்று அறிகிறேன். வழக்குப் பதிவு செய்யப்பட்டதா, இல்லையா, இல்லையென்றால் ஏன் என்று அதற்குள் எழுத்துமூலமாகப் பதில் அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்ல வேண்டாம்.